வீடு வாங்கி விற்பவர் கட்டுமான நிறுவனம் தொடங்கலாமா? வட்டியும் சாதியும் எழுதும் கணக்கு

சென்னைப் புறநகரிலும், மதுரை, திருச்சி போன்ற நகரங்களின் விளிம்பிலும் ஓசையில்லாமல் நடந்துவரும் தொழில் ஒன்று உண்டு. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய வீட்டை வாங்குவது, ஓதம் ஏறிய சுவரைக் கொத்திப் பூசுவது, வயரிங்கும் குழாயும் மாற்றுவது, வண்ணமடித்துச் சில மாதங்களில் விற்றுவிடுவது. இதைச் செய்வோர் பலர் கொத்தனாராகவோ பெயின்டராகவோ தொடங்கி மேஸ்திரியானவர்கள். இவர்களுள் தலித்துகளும் உண்டு. இரண்டு மூன்று வீடுகள் கைமாறிய பிறகு உறவினரும் நண்பர்களும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “கம்பெனி ஆரம்பித்துவிடு.”

அந்த யோசனை சரியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மலிவான கடன் கிடைக்காத ஒருவருக்கு, பிறர் நிலத்தில் பிறர் பணத்தில் வீடு கட்டித்தரும் ஒப்பந்தத் தொழில், சொந்தமாக வீடு வாங்கி விற்பதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் தாம் வாங்கும் வீடுகளைத் தாமே பழுதுபார்ப்பதற்காக மட்டும் நிறுவனம் தொடங்குவது வீண்செலவு. அடுக்ககம் எழுப்பி விற்கும் பில்டராகத் தாவுவது பெரும்பாலோருக்கு ஆபத்து. இந்த மூன்றையும் நம்மவர் பேச்சில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

யாருடைய பணம், என்ன வட்டி

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம். 30 லட்ச ரூபாய்க்குப் பழைய வீடு ஒன்று வாங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 2.70 லட்சம். பழுதுபார்க்க 6 லட்சம். வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கருக்கு ஒரு விழுக்காடு வீதம் 75 ஆயிரம். வீடு 45 லட்சத்துக்கு விலைபோனால் வட்டிக்கு முன் மிஞ்சுவது 5.55 லட்சம்.

வாங்கியதில் 20 லட்சம் கடன், விற்க எட்டு மாதம் ஆனது என்று கொள்வோம். ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் வங்கிக் கடன் கிடைத்தவருக்கு வட்டி 1.60 லட்சம், கையில் நிற்பது 3.95 லட்சம். அதே பணத்தை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குத் தனியாரிடம் எடுத்தவருக்கு வட்டி 4.80 லட்சம், கையில் நிற்பது 75 ஆயிரம். விற்பனை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போனால் முன்னவருக்கு 3.55 லட்சம் இலாபம். பின்னவருக்கு 45 ஆயிரம் நட்டம். இருவருக்கும் வீடு ஒன்று, வேலைத்திறன் ஒன்று, விற்ற விலையும் ஒன்றுதான்.

கடும்வட்டியைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அது இருந்தும் மூன்று வட்டி இருப்பதற்குக் காரணம் வங்கியின் கேள்விகளில் இருக்கிறது. மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, பிணையாகச் சொத்து, உறுதி சொல்லும் ஆள். பரம்பரைச் சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு இவை பிறப்போடு வருகின்றன. நிலமற்ற கூலிக் குடும்பத்திலிருந்து வந்த மேஸ்திரிக்கு இருபதாண்டு உழைப்புக்குப் பிறகும் வருவதில்லை. பெரியப்பா கடையிலிருந்து ஒரு மாதத்துக்குக் கைமாற்று வாங்கிச் சமாளிப்பவரை ‘திறமையான வியாபாரி’ என்று ஊர் புகழும். அந்தத் திறமையில் பெரியப்பாவின் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இனி ஒப்பந்தத் தொழிலின் கணக்கு. 1,000 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் பொருளோடு கட்டித்தர ஒப்புக்கொண்டால் வேலையின் மதிப்பு 22 லட்சம். பத்து விழுக்காடு நின்றால் 2.20 லட்சம். வீட்டுக்காரர் முன்பணம், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் தருகிறார். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓட்டச் சில லட்சம் இருந்தால் போதும். முத்திரைத் தீர்வை இல்லை. விற்காமல் தேங்கி நிற்கும் வீடும் இல்லை.

ஆனால் நிறுவனம் என்றாலே நிற்காத செலவு. மேற்பார்வையாளர் ஒருவருக்கு மாதம் 20 ஆயிரம், அலுவலகம், தணிக்கையாளர், தொலைபேசி எல்லாவற்றுக்கும் மாதம் 10 ஆயிரம் என்றாலும் ஆண்டுக்கு 3.60 லட்சம். ஆண்டில் ஒரே வீடு கிடைத்தால் 1.40 லட்சம் கைநட்டம். இரண்டு கிடைத்தால் 80 ஆயிரம் மிச்சம். நான்கு கிடைத்தால் 5.20 லட்சம். தம் சொந்த வீடுகளுக்காக மட்டும் நிறுவனம் வைப்பவர் நிலை இதைவிட மோசம். 6 லட்ச ரூபாய்ப் பழுதுவேலையில் வெளியார் மேஸ்திரிக்குப் போகும் பங்கு 60 ஆயிரம்; ஆண்டுக்கு மூன்று வீடு என்றாலும் மிச்சப்படுவது 1.80 லட்சம். அதற்காக 3.60 லட்சம் செலவிடுவதில் பொருளில்லை. எனவே ‘எனக்கு வேலை தெரியும்’ என்பது நிறுவனம் தொடங்கப் போதுமான காரணமாகாது. பிறர் வீட்டு வேலை ஆண்டுக்கு இரண்டாவது உறுதியாக வருமா என்பதே கேள்வி.

வேலையை யார் கொடுப்பது

இவ்விடத்தில்தான் பொதுவான வணிக அறிவுரைகள் நமக்குப் பயன்படாமல் போகின்றன. ‘நல்ல வேலை செய், வாடிக்கையாளர் தேடி வருவார்’ என்பார்கள். 1917-18 காலத்தில் பரோடாவிலிருந்து மும்பை திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்றவர் அவர். அவர் தீண்டத்தகாதவர் எனப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. நிறுவனம் மூடப்பட்டது. அறிவின் தரத்தில் அங்கே குறை காண யாரும் முயலவில்லை.

நூறாண்டுக்குப் பின்னும் வீடு என்ற பண்டத்தைச் சுற்றிச் சாதி நெருக்கமாகவே இருக்கிறது. தலைநகர் தில்லிப் பகுதியின் வாடகை வீட்டுச் சந்தையைப் பற்றிச் சுக்தேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்படுவதையும் பதிவு செய்தது. வாடகைக்கே இந்நிலை என்றால், தெருவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கப் போகிறவருக்கு ‘விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டோம்’ என்ற பதில் வருவதில் வியப்பில்லை. வாங்கி விற்கும் தொழிலில் வாங்கும் இடத்தின் தேர்வே இலாபம். சில தெருக்கள் மூடப்பட்டிருந்தால் அந்த இலாபத்தின் ஒரு பகுதி முன்கூட்டியே பறிபோகிறது.

ஒப்பந்தத் தொழிலிலும் தடை உண்டு. அதன் வடிவம் வேறு. ஓராண்டு முழுதும் வந்துபோகும் ஒருவரை, பூமிபூஜையில் நிற்கப்போகிறவரை, சமையலறை முதல் பூஜையறை வரை அளந்து கட்டப்போகிறவரை வீட்டுக்காரர் ‘நம்மவரா’ என்று பார்க்கிறார். கூலிக்குச் சுவர் எழுப்பும் கை யாருடையது என்று அவர் கேட்பதில்லை; முன்பணம் வாங்கும் கை யாருடையது என்று கேட்கிறார். கூலிவேலையிலிருந்து முதலாளி நிலைக்கு ஏறும் படியில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் பெயரை மறைத்துப் பொதுப்பெயர் வைத்துக்கொள்வோரைக் குறைசொல்ல இக்கட்டுரையாளருக்கு மனமில்லை. அது உத்தியே, தீர்வு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

முன்மாதிரி தேடுவோர் மகாராஷ்டிரத்துக் கல்பனா சரோஜின் வாழ்வைப் பார்க்கலாம். கல்யாண் நகரில் வழக்குச் சிக்கலில் கிடந்த ஒரு மனையை வாங்கி, சிக்கலைத் தீர்த்து, பணம் போட முன்வந்த ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக் கட்டடம் எழுப்பினார். பிற்காலத்தில் கமானி டியூப்ஸ் ஆலையை ஏற்று நடத்தினார். 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். கவனிக்க வேண்டியது விருதை அன்று. மற்றவர்கள் தொட அஞ்சிய சொத்து என்பதால் அவருக்கு விலை எட்டியது. கட்டும் செலவைப் பங்காளி ஏற்றதால் வட்டி அவரைத் தின்னவில்லை.

அரசு திறந்த கதவுகளும் திறக்காத கதவும்

கட்டுமானமும் தலித் மேம்பாடும் தமிழ்நாட்டு அரசு நிர்வாகத்தில் ஒரே கூரையின் கீழ்த்தான் தொடங்கின. தாட்கோ நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டபோது அதன் முதன்மை வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பற்றாத வீடுகள் கட்டுவது. இன்று அது கடனும் மானியமும் வழங்கும் அலுவலகமாகவே மக்களுக்குத் தெரிகிறது. ஆயினும் விடுதி, பள்ளிக் கட்டடப் பணிகளை நடத்தும் கட்டுமானப் பிரிவு அதற்கு உண்டு என்பதை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு மட்டுமானது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியம். கடன் வட்டியில் 6 விழுக்காடு சலுகை. புதிய தொழிலுக்கும் நடக்கும் தொழிலின் விரிவாக்கத்துக்கும் இது பொருந்தும். மேலே போட்ட கணக்கில் 12 விழுக்காட்டுக்கும் 36 விழுக்காட்டுக்கும் இருந்த வேறுபாட்டை நினைத்தால், 6 விழுக்காட்டுச் சலுகையின் எடை விளங்கும். வீட்டை வாங்கி விற்பவர் இதில் நுழைவது கடினம். கலவை இயந்திரம், சென்ட்ரிங் தகடு, லிஃப்ட் என்று கருவி வைத்துத் தொழில் செய்வோர் திட்ட அறிக்கையோடு போய்க் கேட்க முடியும். நிறுவனம் தொடங்குவதற்கான வலுவான காரணங்களுள் இது ஒன்று.

ஒரு எச்சரிக்கை. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், வங்கிக் கிளை ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. ஆனால் அது பயனாளியின் முதல் தொழிலுக்கே. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இரண்டு கோடி வரையிலான கடன் திட்டமும் முதல்முறைத் தொழில்முனைவோரையே குறிவைக்கிறது. விசிட்டிங் கார்டுக்காக அவசரப்பட்டு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டு, பின்னர் ‘முதல்முறை’ என்ற தகுதியைத் தொலைத்து நிற்க வேண்டாம். விதிகளைப் படித்த பிறகு பதிவு.

திறக்காத கதவு அரசு ஒப்பந்தம். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும். அக்கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் அதற்குள் வராது. செங்கல் சூளையிலும் சாரத்திலும் தலித் உழைப்பு நிறைந்து கிடக்கும் துறை ஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. முடியாத காரியமல்ல இது. கர்நாடகம் தன் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, 50 லட்ச ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது; பின்னர் அந்த வரம்பு ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. மாணவர் அமைப்புகள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய செய்தி.

ஒதுக்கீடு இல்லாமல் பொதுப்பணித்துறை ஒப்பந்ததாரராகப் பதிவு செய்வோர் வட்டாட்சியரிடம் சொத்து மதிப்புச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது. சொத்தில்லாதவருக்கு அச்சான்று இல்லை. சான்று இல்லாதவருக்கு உயர்வகுப்புப் பதிவு இல்லை. வாங்கி விற்கும் வீடுகளில் ஒன்றை விற்காமல் தம் பெயரில் வைத்துக்கொள்வது இங்கே உதவும். ஐந்தாவது வீட்டின் இலாபத்தைவிடத் தம் பெயரில் நிற்கும் ஒரு பட்டா சில வேளைகளில் அதிகம் பெறும்.

பத்திரமும் பதிவும்

பட்டா என்றதும் மற்றொன்று. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த ‘பவர்’ மட்டும் எழுதி வாங்கி விற்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பொது அதிகார ஆவணத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. குறிப்பாகச் செங்கல்பட்டு வட்டாரத்தில் நிலம் பஞ்சமி நிலமா என்று பார்க்காமல் கைவைப்பது சட்டப் பிழை மட்டுமன்று. 1994இல் காரணையில் அந்நில மீட்புக்காக உயிர்நீத்தவர்களுக்குச் செய்யும் இரண்டகமும்கூட.

வரியில் ஒரு வேறுபாடு முக்கியம். முடிக்கப்பட்டுக் குடியிருந்த பழைய வீட்டை விற்பதற்குச் சரக்கு, சேவை வரி இல்லை. பிறருக்குப் பொருளோடு கட்டித்தருவது சேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு, 18 விழுக்காடு வரி. மேலே சொன்ன ஒரே வீடு அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆயின் தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட ஆள்கூலி மட்டும் ஏற்கும் லேபர் கான்ட்ராக்ட்டுக்கு விலக்கு உண்டு. மேஸ்திரிகள் ஏற்கெனவே அறிந்த முறை இது. மூலதனமும் மிகக் குறைவு. இலாபமும் குறைவு என்பதால் அதிலேயே காலம் தள்ளிவிடக் கூடாது.

பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்ட நினைப்பவர் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தைப் படிக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீடுகளைத் தாண்டாத திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல். தாண்டினால் வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த பின் ஐந்தாண்டு வரை கட்டமைப்புக் குறையைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒரு வீட்டுப் பணத்தில் மறுவீட்டை ஓட்டும் சிறு பில்டரின் வழக்கம் இங்கே செல்லாது. வாங்குவோருக்கு நல்ல சட்டம். கைமுதல் இல்லாதவர் பில்டராகக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

தொட்டிக்குள் இறங்குவது யார்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். அதுவரை அவர் மேஸ்திரி. ‘ஆள் பார்த்து அனுப்பு’ என்று வீட்டுக்காரர் சொல்ல, இவர் தம் தெருவிலிருந்தே ஒருவரை அழைத்து வந்திருப்பார். நிறுவனம் தொடங்கிய அன்று முதல் அவரே வேலையளிப்பவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆளை இறக்குவதை நேரடியாகவும் மறைமுகமாகவும் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்பு நேர்ந்தால் வழங்கவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது.

பலர் அறியாத ஆபத்து ஒன்று புதிய தொட்டியில் இருக்கிறது. கான்கிரீட் மூடி போட்டுப் பல நாள் அடைத்து வைத்த தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவோர் மூச்சுத்திணறி இறக்கிறார்கள். மலம் ஒரு துளியும் விழாத தொட்டி அது. ஈரமரம் மக்கி உயிர்வளியை உண்டுவிடுகிறது. மேலே நிற்பவருக்கு நாற்றமும் தெரியாது. காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறார். ஒப்பந்த விலையிலேயே இயந்திர ஊர்திச் செலவு, மூடியைத் திறந்துபோட்டுக் காற்றூதும் செலவு, வளிமானி வாடகை ஆகியவற்றைத் தனி வரியாக எழுதுவது நிறுவனம் நடத்துபவரின் கடமை. ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று போட்டிக்காக அவ்வரியை நீக்கும் விலைக்கு வேலை எடுக்காமல் இருக்கலாம். சித்தாள் பெண்களுக்குச் சமவேலைக்குச் சமகூலி, வேலையாள் ஒவ்வொருவரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்தல், கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நல நிதி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகு அந்தப் பத்து விழுக்காடு நிற்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். நிற்கவில்லையெனில் சதுர அடி விலையை உயர்த்துங்கள், கூலியில் கைவைக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது

வாங்கி விற்பதை உடனே விட வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் வங்கிக் கணக்கு வேறாக இருக்க வேண்டும். விற்காத வீட்டின் வட்டியை வாடிக்கையாளரின் ரூஃப் பணத்திலிருந்து கட்டத் தொடங்கிய நாளில் இரண்டு தொழிலும் ஒன்றாக மூழ்கும். முதலாண்டில் தனியுரிமை நிறுவனமாகவே நடத்தலாம். பங்காளி பணம் போட்டால் பதிவுபெற்ற பங்காண்மை. பிரைவேட் லிமிடெட் என்றால் கடன் தம் வீட்டைத் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். சிறு நிறுவனத்துக்குக் கடன் தரும் வங்கி இயக்குநரின் சொந்த உறுதியையும் கையெழுத்தாக வாங்கிக்கொள்கிறது, எனவே அந்தக் கவசம் பாதிதான்.

முடித்த ஒவ்வொரு வேலைக்கும் எழுத்து ஒப்பந்தம், பணம் பெற்ற இரசீது, முடிப்புச் சான்று, ஒளிப்படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி கேட்பதும் ஒப்பந்தப் பதிவு கேட்பதும் இதைத்தான். வேலை கொடுத்தவர் சாதி தெரிந்தபின் முன்பணத்தைத் திரும்பக் கேட்டாலோ, ஊரே கூடி இவருக்கு வேலை தராதே, பொருள் விற்காதே என்றாலோ, அது பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பின் அது தண்டனைக்குரிய குற்றம். வாய்ப்பேச்சாக மட்டும் நடந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் அதை மெய்ப்பிப்பது கடினம். கோப்பு அங்கேயும் வேண்டியிருக்கும்.